கறி சுட ஒரு விளக்கு

கறி வெந்ததா இல்லையா என்று பார்க்க எனக்கு ஒரு விளக்கு வேண்டியிருந்தது. நான் ஆசைப்பட்டது அவ்வளவுதான். ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரி ஒன்றின் மதிலோரம், பொழுது சாய்ந்ததும் ஈரலையும் நெஞ்சுக்கறியையும் கம்பியில் கோத்துச் சுட்டு விற்றவன் நான். அந்த ஒரு விளக்குக்காக நான் வாங்கிய அடியையும், கடைசியில் நான் கொடுத்த அடியையும் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். என்னை நல்லவனாகக் காட்டிக்கொள்ளும் எண்ணம் இல்லை. அப்படி எழுதினால் என்னைத் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள்.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே கை சும்மா இருக்காது. ஒருவன் முறைத்தால் ஏன் என்று கேட்கத் தோன்றாது, அறையத்தான் தோன்றும். கறிக்கடைக்கு வருவதற்கு முன்னால் அதே டேனரியில் சுண்ணாம்புத் தொட்டியில் வேலை பார்த்தேன். பச்சைத் தோலைத் தொட்டிக்குள் போட்டு, மயிர் கழலும் வரைக்கும் நீளமான கழியால் புரட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஒருநாள் எனக்குப் பக்கத்தில் நின்றவன் தோலை வீசிப் போட்டதில் சுண்ணாம்புத் தண்ணீர் என் கண்ணில் தெறித்தது. வேண்டுமென்று செய்தானா, கை தவறியதா என்று நான் விசாரிக்கவில்லை. கழியைத் திருப்பி அவன் தோளில் போட்டேன். எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. விழுந்தவனை மிதிக்கவும் செய்தேன். என்னைப் பிடித்து இழுக்க வந்தவர்களில் ஒருவனுக்குப் பல் போயிற்று. அன்று மத்தியானமே மேஸ்திரி என்னை வாசலுக்கு வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார்.

தோள் முறிந்தவன் மூன்று மாதம் கழித்து வேலைக்குத் திரும்பினான். அவனுடைய இடது தோள் அதற்குப் பிறகு சற்றுத் தாழ்ந்தே இருந்தது.

என் மனைவியின் அண்ணனும் அதே டேனரியில்தான் இருந்தார். மச்சான் என்றுதான் கூப்பிடுவேன், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். அவர் சவ்வு சீவுகிறவர். சுண்ணாம்பில் ஊறி வந்த தோலைச் சாய்வான ஒரு மரத்தின்மேல் போர்த்தி, இரண்டு பக்கமும் பிடி வைத்த வளைந்த கத்தியால் உட்புறத்தில் ஒட்டியிருக்கும் சதையையும் கொழுப்பையும் சீவி எடுக்க வேண்டும். கொஞ்சம் அழுத்தினால் தோல் கிழிந்துவிடும். கொஞ்சம் விட்டால் சதை ஒட்டிக்கொள்ளும். மச்சான் சீவின தோலில் ஓட்டை கிடையாது. அந்த இரண்டு கைகளை வைத்து மூன்று பெண்களை வளர்த்துக்கொண்டிருந்தார், ஒருத்திக்கும் இன்னும் கல்யாணம் ஆகவில்லை.

நான் வேலையில்லாமல் நாலு மாதம் வீட்டில் கிடந்தேன். பிறகு மதிலோரம் கறி சுட்டு விற்கலாம் என்று எனக்கு யோசனை வந்தது. பக்கத்திலேயே கள்ளுக்கடை, எதிரே டேனரி வாசல், வேலை விட்டு வருகிறவர்களெல்லாம் பசியோடு வருவார்கள். ஆனால் மதில் டேனரியுடையது. மேஸ்திரி தலையசைக்க வேண்டும். மச்சான்தான் என்னைக் கூட்டிக்கொண்டு போய்ப் பேசினார்.

"இவன் மனுஷனா? வாசல்ல வுட்டா என் ஆளுங்கள ஒவ்வொருத்தனா ஒடச்சிப் போடுவான்" என்றார் மேஸ்திரி.

"இனிமே எவன் மேலயாவது இவன் கை வெச்சான்னா, அன்னிக்கே என்னயும் வெளிய அனுப்பிடுங்க மேஸ்திரி. நான் ஒரு வார்த்தை கேக்கமாட்டேன்" என்றார் மச்சான்.

மேஸ்திரி அவரையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். "நல்லா ரோசன பண்ணித்தான் சொல்றியா?"

"பண்ணிட்டேன்."

திரும்பி வரும்போது மச்சான் எனக்கு உபதேசம் ஒன்றும் செய்யவில்லை. பாலாற்று மணலில் இறங்கும்போது, "என் சோறு உன் கையில இருக்குது மாப்ள" என்று மட்டும் சொன்னார். வீட்டில் என் மனைவி அதையே வேறு மாதிரி சொன்னாள். "எங்கண்ணன் வேலைக்கு எதனா ஆச்சின்னா, நீ தூங்கும்போது தலையில குழவியப் போடுவேன்" என்றாள். போட்டிருப்பாள். கோபத்தில் அவள் எனக்குச் சளைத்தவள் இல்லை.

கொல்லனிடம் நீளமான இரும்புப் பெட்டி ஒன்று அடித்து வாங்கினேன். ஆலங்காயத்து மலைக்கரி வண்டியில் வந்து இறங்கும், அது புகையாமல் நின்று எரியும். கம்பிகள் ஒவ்வொன்றும் ஒரு முழ நீளம், கட்டைவிரல் அகலத்துக்குத் தட்டையாக இருக்கும். பப்பாளிக்காயை அரைத்துத் தடவி வைத்தால் கிழட்டு மாட்டுக் கறியும் பஞ்சாகிவிடும். இரண்டு துண்டுக்கு நடுவே ஒரு துண்டு கொழுப்பு. ருசியைப் பற்றி யாரும் என்னிடம் வாய் திறந்ததில்லை. சண்டையெல்லாம் வெளிச்சத்தால்தான் வந்தது.

முதலில் தீவட்டி வைத்தேன். கல்யாண ஊர்வலத்துக்கு அது லட்சணமாக இருக்கும். அடுப்புக்கு மேலே நட்டால் எரிகிற துணியிலிருந்து எண்ணெய் சொட்டும், கரித்துணுக்கு உதிரும். மூன்றாம் நாள் ஒருவன் வாயில் வைத்த துண்டைத் துப்பிவிட்டு, கம்பியோடு என் முகத்தில் எறிந்தான். நெற்றி கிழிந்தது. ரத்தம் புருவத்தில் இறங்க, நான் விசிறியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். விசிறிக் காம்பு என் கையில் முறிந்தது. அவனுக்கு வேறு கம்பி எடுத்துக் கொடுத்தேன்.

அடுத்தது அரிக்கேன் விளக்கு. தலைக்குப் பின்னால் மதிலில் ஆணி அடித்து மாட்டினேன். குனிந்தால் என் நிழலே கறிமேல் விழுந்து மறைத்தது. எதிர்ப்பக்கம் மாட்டினால் சுடர் கண்ணில் குத்தி, கறி கருப்பாகத் தெரிந்தது. அதைவிடப் பெரிய வம்பு, அந்த மஞ்சள் வெளிச்சத்தில் பச்சை ஈரலும் வெந்த ஈரலும் ஒரே செம்பழுப்பு. ஒருநாள் வண்டிக்காரன் ஒருவன் கடித்ததும் தாடையில் ரத்தம் வழிந்தது. கள் குடித்திருந்தான். "இன்னாடா, என்ன நாயின்னு நெனச்சியா?" என்று கேட்டு, வாயிலிருந்ததை என் மூஞ்சியிலேயே துப்பினான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவன் கழுத்து எனக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. மச்சானுடைய மூன்று பெண்களையும் வரிசையாக நினைத்துக்கொண்டேன். பிடித்துக்கொள்ள எதுவும் கிடைக்காமல் இரும்புப் பெட்டியின் விளிம்பைப் பிடித்தேன். அவன் போகும் வரைக்கும் விடவில்லை. உள்ளங்கைத் தோல் பெட்டியோடு போயிற்று, அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது.

நடுவில் ஒரு கார்பைட் விளக்கையும் பார்த்தேன். கல்லின்மேல் தண்ணீர் சொட்டி வாயு வந்து எரியும் விளக்கு. சீறிக்கொண்டே இருக்கும், அழுகின பூண்டு வாடை அடிக்கும். ஒருமுறை அடைப்பை ஊசியால் குத்தப்போய் நெருப்பு பீறிட்டு என் புருவத்தையும் முன்மயிரையும் எடுத்துக்கொண்டது. அதை ஆற்றுக்குக் கொண்டுபோய், ஒரு பாறைமேல் வைத்து, இன்னொரு கல்லால் அது தகடாகும் வரைக்கும் அடித்தேன். விளக்கை அடிக்கக் கூடாது என்று யாரும் என்னிடம் வாக்கு வாங்கவில்லை. அன்று இரவு பல நாளைக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கினேன்.

அப்புறம்தான் கேஸ் லைட்டு. ஒரு கல்யாண ஊர்வலத்தில் நாலு பேர் அதைத் தலையில் சுமந்துகொண்டு போனார்கள். தெருவே பகலானது. மாப்பிள்ளையின் முகத்தில் இருந்த அம்மைத் தழும்பைக்கூட எண்ணலாம் போலிருந்தது. இந்த வெளிச்சத்தில் எவன் என் கறியைப் பச்சை என்று சொல்லிவிடுவான் என்று நினைத்தேன். அடுத்த வாரமே வேலூர் லாங் பஜாருக்குப் போய், கல்யாணத்துக்கு வாடகைக்கு விடுகிற கடையில், அடிபட்டு நசுங்கின ஒன்றைக் கெஞ்சி வாங்கி வந்தேன். மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் வந்தேன். கண்ணாடி உடையக்கூடாது என்று பக்கத்தில் உட்கார்ந்தவரைத் தோளால் இடித்துத் தள்ளிக்கொண்டே வந்தேன்.

வீட்டு வாசலில் ஏற்றிப் பார்த்தோம். ஸ்பிரிட்டு ஊற்றிச் சூடேற்றி, பம்பால் காற்றடித்ததும் உள்ளே தொங்கும் வலை வெள்ளையாகப் பற்றிக்கொண்டு இரையத் தொடங்கியது. தெருவே கூடிவிட்டது. மச்சானும் வந்து பார்த்தார். தன் கையை விளக்குக்கு முன்னால் நீட்டித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ரொம்ப வெள்ளையா இருக்குதே மாப்ள. கை செத்தவன் கையாட்டம் தெரியுது. ஒரு துண்டு கறியச் சுட்டு இதுல காட்டிப் பாரேன்."

"அதெல்லாம் வாசல்ல பாத்துக்கலாம் மச்சான். நீங்க சும்மா பேஜார் பண்ணாதீங்க" என்றேன்.

ஒரு துண்டு கறி. வீட்டில் இருந்தது, அடுப்பும் இருந்தது. நான் செய்யவில்லை. இத்தனை வயதுக்கு மேலும் அதை நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

மறுநாள் பொழுது சாய்ந்ததும் மதிலோரம் ஒரு கழி நட்டு, அதன் உச்சியில் விளக்கைத் தொங்கவிட்டேன். டேனரி மணி அடித்து ஆட்கள் வெளியே வந்தார்கள். பெரிய கூட்டம். விளக்கைப் பார்க்க வந்தவர்கள், விளக்கின் கீழ் தங்களைப் பார்த்துக்கொள்ள வந்தவர்கள், கள்ளுக்கடையிலிருந்து மொந்தையோடு எழுந்து வந்தவர்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. முதல் வரிசைக் கம்பிகளைப் பெட்டிமேல் அடுக்கினேன்.

கறி வெந்துகொண்டிருந்தபோதே எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. நன்றாகச் சிவந்திருக்க வேண்டிய ஈரல் சாம்பல் பூத்து, ஓரமெல்லாம் பச்சை தட்டித் தெரிந்தது. நடுவே கோத்திருந்த கொழுப்பு நீலம் பாய்ந்த வெள்ளையாக உப்பி நின்றது. பப்பாளிக்காய் தடவின கறி மேலெல்லாம் வழவழவென்று மின்னியது. கையால் தொட்டால் வெந்திருந்தது, வாயில் போட்டால் ருசியாகவும் இருந்தது, கண்ணுக்கு மட்டும் சகிக்கவில்லை. விளக்கை இறக்கி அரிக்கேனை மாட்டியிருக்கலாம். அத்தனை பேர் முன்னால் அதை இறக்க எனக்கு மானம் இடம் கொடுக்கவில்லை.

தோள் சாய்ந்தவன் அன்றும் வந்திருந்தான். வழக்கமாக வருகிறவன்தான். என்னோடு ஒரு பேச்சும் பேசமாட்டான், ஒரு கம்பி வாங்கி, நான் பார்க்கும் இடத்தில் நின்று மென்றுவிட்டுப் போவான். அன்று கம்பியை வாங்கியவன் வாயில் வைக்கவில்லை. விளக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பார்த்தான். கொழுப்பை விரலால் அழுத்தினான். அது வழுக்கியது. பத்து வருஷமாகச் சுண்ணாம்புத் தொட்டியில் நின்றவன் அவன். சுண்ணாம்பில் ஊறின சதை எப்படி உப்பும், எப்படி வெளுக்கும், எப்படி வழுக்கும் என்று அவனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

"இது கறியில்ல. இது சவ்வு" என்றான்.

அவன் கத்தவில்லை. அதனால்தான் எல்லோரும் நம்பினார்கள்.

தோலிலிருந்து சீவி எடுக்கும் சவ்வை டேனரியில் மூலையில் குவித்து வைப்பார்கள். தச்சர்கள் பலகை ஒட்டுவதற்கு வஜ்ஜிரம் காய்ச்சுகிறவர்கள் வந்து வண்டியில் அள்ளிக்கொண்டு போவார்கள். நாய்கூட அதை முகர்ந்துவிட்டு விலகும். அந்தக் கூட்டத்தில் நின்ற ஒவ்வொருவனும் பகலெல்லாம் அதை மிதித்து நடந்தவன். இப்போது ஒவ்வொருவனும் தன் கையிலிருந்த கம்பியை அந்த வெள்ளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். ஒவ்வொருவன் கையிலும் சவ்வுதான் இருந்தது.

"மச்சான் உள்ள சீவறான், மாப்ள வெளிய சுடறான்" என்றான் ஒருவன்.

அந்த ஒரு பேச்சு போதுமானதாக இருந்தது. எவனோ வாந்தி எடுத்தான். எவனோ, "இத்தினி நாளா வஜ்ஜிரத்தயாடா எங்களுக்குப் போட்ட?" என்று கத்திக்கொண்டு என் சட்டையைப் பிடித்தான். "தொட்டுப் பாருய்யா, மோந்து பாரு, சுண்ணாம்பு வாடை அடிக்குதா?" என்று நானும் கத்தினேன். சுண்ணாம்பு வாடை அவர்கள் கையிலேயே இருந்தது. எதை மோந்தாலும் அதுதான் அடித்தது.

முதல் அறை காதில் விழுந்தது. அப்புறம் எண்ணவில்லை. இரும்புப் பெட்டியை உதைத்துக் கவிழ்த்தார்கள், கங்கு என் கால்மேல் கொட்டியது. துள்ளியவனை முதுகில் மிதித்தார்கள். எழுந்தேன். மொந்தை ஒன்று என் வாயில் மோதி உடைந்தது, உதடு கிழிந்து, கள்ளும் ரத்தமும் ஒன்றாகத் தொண்டைக்குள் இறங்கின. விலாவில் ஒருவன் முட்டியால் குத்தினான். மதிலில் சாய்ந்து நின்றுகொண்டேன். தரையில் கிடந்த ஆறேழு கம்பிகளை எடுத்து, ஆறியிருந்த பிடிப்பக்கத்தை ஒன்றாகச் சேர்த்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அடிப்பதற்காக எடுக்கவில்லை. கைக்கு ஒரு வேலை கொடுத்து அதைக் கீழேயே நிறுத்தத்தான் எடுத்தேன். இதை யாரும் நம்ப வேண்டாம், ஆனால் அது உண்மை. விளக்கின் கீழ் எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. எவன் எவன் அடிக்கிறான், எவன் மோதிரம் போட்ட கை என்று ஒவ்வொன்றும் தெரிந்தது. ஒருவனைக்கூட நான் திருப்பித் தொடவில்லை. அத்தனை பேரும் அதைப் பார்த்தார்கள்.

சத்தம் கேட்டு மச்சான் டேனரிக்குள்ளிருந்து ஓடி வந்தார். முழங்கை வரைக்கும் சுண்ணாம்பு வெளுத்திருந்தது. அந்தக் கோலத்தில் அவரைப் பார்த்ததும் கூட்டத்துக்கு வெறி இன்னும் ஜாஸ்தியானது. அவர் யாரோடும் பேச்சு வளர்க்கவில்லை. நேராக என்னிடம் வந்து, எனக்கு முன்னால் முதுகைக் காட்டிக்கொண்டு, இரண்டு கையையும் விரித்து நின்றார். எனக்கு வந்த அடியில் பாதி அவர்மேல் விழுந்தது. "மாப்ள, கைய கீழ வெய்யி. கைய கீழ வெய்யி" என்று திரும்பாமலே சொல்லிக்கொண்டிருந்தார். நான் கீழேதான் வைத்திருந்தேன்.

எவனோ எறிந்த கல் விளக்கில் பட்டது. கண்ணாடி வெடித்து எங்கள் தலைமேல் கொட்டியது. வலை உதிர்ந்து, பொட்டென்று இருட்டாகிவிட்டது.

அரிக்கேன் விளக்கு அணைந்தால் கொஞ்ச நேரத்தில் நட்சத்திர வெளிச்சத்துக்குக் கண் பழகிவிடும். அந்த வெள்ளை விளக்கு போனால் கண்ணும் அதோடு போய்விடுகிறது. கண்ணுக்குள் ஒரு பச்சை வட்டம் மிதந்தது, வேறு ஒன்றும் இல்லை. என்னைச் சுற்றி மூச்சும் மிதியும் கெட்ட வார்த்தையும்தான் இருந்தன. அந்த இருட்டில் முன்னாலிருந்து ஒரு கை வந்து என் மணிக்கட்டைப் பிடித்து அமுக்கியது. ஈரக் கை. அதில் சுண்ணாம்பு வாடை அடித்தது. தோள் சாய்ந்தவன் என்று நினைத்தேன்.

உதறிவிட்டு, சேர்த்துப் பிடித்திருந்த கம்பிகளை ஓங்கி அந்தக் கைமேல் இறக்கினேன்.

"மாப்ள!" என்று ஒரு குரல் அலறியது.

அது யார் குரல் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. இதைத்தான் நான் இத்தனை வருஷமாக யாரிடமும் சொல்லவில்லை. தெரிந்த பிறகும் என் கை இன்னொரு தடவை மேலே போய்க் கீழே வந்தது. மாதக்கணக்காக அடக்கி வைத்த கை. வண்டிக்காரனுக்குப் போக வேண்டியது, கம்பியை எறிந்தவனுக்குப் போக வேண்டியது, எல்லாம் சேர்த்து அந்த இரண்டாவது அடியில் இறங்கியது. முதல் அடியை இருட்டின்மேல் போட்டுத் தப்பித்துக்கொள்ளலாம். இரண்டாவது அடிக்கு நான் மட்டும்தான் பொறுப்பு.

கள்ளுக்கடைக்காரர் அரிக்கேன் விளக்கைத் தூக்கிக்கொண்டு வந்தார். மச்சான் மண்ணில் உட்கார்ந்து வலது கையை மடியில் வைத்து அமுக்கிக்கொண்டிருந்தார். வேட்டி நனைந்து கருப்பாக இருந்தது. புறங்கையில் குறுக்கே இரண்டு வெட்டு, ஒன்றுக்குள் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. கம்பிகள் என் காலடியில் கிடந்தன. நான் எப்போது கீழே போட்டேன் என்று எனக்கு நினைவில்லை.

அந்த மஞ்சள் வெளிச்சம் மண்ணில் சிதறிக்கிடந்த கறிமேலும் விழுந்தது. எல்லாம் செக்கச் சிவந்து, ஓரம் கருகி, நன்றாக வெந்து கிடந்தது. தோள் சாய்ந்தவன் குனிந்து ஒரு துண்டை எடுத்து, மண்ணை ஊதிவிட்டு, வாயில் போட்டு மென்றான்.

"கறிதான்" என்றான்.

ஒவ்வொருவராக நகர்ந்து போய்விட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் தைத்தார்கள். என் மனைவி என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை, குழவியைப் பற்றியும் பேசவில்லை. அவளிடம் மச்சான் சொன்ன கதை வேறு. இருட்டில் தடுக்கிக் கம்பிமேல் விழுந்துவிட்டாராம். டேனரியிலும் அதையே சொன்னார். மேஸ்திரி எங்கள் இருவரையும் வாசலில் நிறுத்திக் கேட்டார். "நெஜத்தச் சொல்லு. இவன் எவன் மேலயாவது கை வெச்சானா?"

நான் வாயைத் திறந்தேன். மச்சான் என்னைப் பார்த்தார். என் வாய் மூடிக்கொண்டது. சொன்னால் அவர் வேலை அந்த நிமிஷமே போய்விடும், அது அவரே வைத்த பந்தயம்.

அப்போது வாசலில் கூடி நின்ற ஆட்களிலிருந்து தோள் சாய்ந்தவன் முன்னால் வந்தான். "இவன் கையத் தூக்கவே இல்ல மேஸ்திரி. நாங்கதான் அடிச்சோம். அத்தினி பேரும் பாத்தோம்" என்றான்.

அவன் பொய் சொல்லவில்லை. வெளிச்சம் இருந்த வரைக்கும் அதுதான் நடந்தது. ஆத்திரம் வந்தால் யாரையாவது அடித்துவிட்டு ஆறிவிடுகிற எனக்கு, அன்று அடிக்க ஆள் இல்லை. என்னைத் தவிர எல்லோரும் யோக்கியர்களாக நின்றார்கள். வெட்கம் என்றால் என்னவென்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

கட்டுப் பிரித்த பிறகு மச்சான் வேலைக்குப் போனார். நானும் கூடப் போய் வாசலருகே நின்றேன். மரத்தின்மேல் தோலைப் போர்த்தினார், கத்தியை எடுத்தார். இடது கை பிடித்தது. வலது கையில் கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் மட்டும் மடங்கின, மற்ற மூன்றும் சொன்னபடி கேட்கவில்லை. முதல் தோல் எப்படியோ தப்பியது. இரண்டாவது தோலில் கத்தி சாய்ந்து, ஒரு முழத்துக்குக் கிழிந்துபோனது. மேஸ்திரி கெட்டவர் இல்லை. ஒரு வாரம் பார்த்தார், ஆறு தோல் போயிற்று. அதற்குமேல் அவராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. இருபது வருஷம் பிடித்த கத்தியை மச்சான் கழுவித் துடைத்து, மரத்தின்மேலேயே வைத்துவிட்டு வந்தார்.

நான் கறி சுடுவதை விட்டுவிடலாம் என்றிருந்தேன். மச்சான் விடவில்லை. "ரெண்டு வூட்டுக்கும் இனிமே அதான் சோறு" என்றார். அரிக்கேன் விளக்கை எங்கே மாட்டுவது என்று நான் மறுபடியும் தடுமாறிக்கொண்டிருந்தபோது, அவரே அதை ஆணியிலிருந்து எடுத்தார். எனக்கு இடப்பக்கம், பெட்டிக்கு ஒரு சாண் மேலே, தன் இடது கையில் பிடித்துக்கொண்டு நின்றார். நிழல் விழவில்லை, கண்ணில் குத்தவில்லை. நான் ஒரு துண்டைக் கம்பியிலிருந்து இழுத்துக் கத்தியால் பிளந்தால், விளக்கை அதன் கிட்டே கொண்டுவருவார். உள்ளே ரத்தம் இருந்தால் அப்பட்டமாகத் தெரிந்துவிடும். அத்தனை விளக்குகளில் அதுதான் சரியான வெளிச்சம். அதற்குப் பிறகு ஒருவரும் ஒரு நாளும் குறை சொன்னதில்லை.

அவருடைய வலது கை பக்கத்திலேயே தொங்கும். மூன்று விரல்கள் உள்ளே வளைந்து, வெட்டுத் தழும்பு இரண்டும் ஒன்றுக்கொன்று நேராக. குனிந்து கறியைப் பார்க்கும்போதெல்லாம் அது என் கண்ணுக்கு நேரே இருக்கும். அந்தப் பக்கமாக நில்லுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இந்த மனுஷன் ஒரு தடவையாவது என்னைக் கெட்ட வார்த்தையில் திட்டமாட்டாரா, ஓங்கி ஒன்று வைக்கமாட்டாரா என்று ஏங்கியிருக்கிறேன். சில நாள் அவர்மேலேயே கோபம் வரும்.

ஒருநாள் கூட்டம் வருவதற்கு முன்னால், கரி பற்றிக்கொண்டிருந்தபோது, என்னால் முடியாமல் கேட்டுவிட்டேன்.

"மச்சான், அன்னிக்கு நீங்க கத்தினது எனக்குக் கேட்டுது. அதுக்கப்புறம் ஒண்ணு போட்டேனே, அந்த ரெண்டாவது..."

அவர் விளக்கைத் தூக்கி என் முகத்துக்கு நேரே ஒரு கணம் பிடித்தார். பிறகு மெதுவாகப் பெட்டிமேல் இறக்கினார்.

"வெளிச்சம் போதுமா மாப்ள?" என்றார்.